சோடனையை விழுங்கும் பிளாஷ்

வவுனியாவில் கலியாண மண்டபச் சோடனையைத் தொழிலாகச் செய்யும் ஒருவரிடம், "செய்த வேலையைக் காட்டுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். கைத்தொலைபேசியை நீட்டுவார். அநேகமாக எல்லாம் பிளாஷ் அடித்து எடுத்த படங்களாயிருக்கும். முன்வரிசைக் கதிரைகள் சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்திருக்கும். மேடை இருட்டில் கிடக்கும். இரவிரவாகக் கண்விழித்துக் கட்டிய மின்குமிழ்ச் சரங்கள் இருந்த இடமே தெரியாது.

இதற்குக் காரணம் எளிய கணக்கு. தூரம் இரண்டு மடங்கானால் பிளாஷ் வெளிச்சம் நாலில் ஒன்றாகும். 2 மீற்றரில் உள்ள கதிரைக்கு விழும் வெளிச்சத்தில் 16இல் ஒரு பங்குதான் 8 மீற்றரில் உள்ள மேடைக்குப் போய்ச் சேரும். விலைகூடிய கமரா வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

பிளாஷை நிறுத்திவிட்டு மண்டபத்து வெளிச்சத்திலேயே எடுங்கள். கமராவை முக்காலியில் நிறுத்தி, ஐ.எஸ்.ஓ.வை 100இல் வைத்து, ஒரு செக்கனோ இரண்டு செக்கனோ திறந்து விடுங்கள். மேடை எங்கும் ஓடிப்போகாது. விரல் பட்டு ஆடாமலிருக்க டைமர் போதும். ரியூப் லைட்டை அணைத்து, ஜன்னல் திரையையும் இழுத்து விட்டால் சோடனை விளக்கின் நிறம் கெடாது. இருட்டறைத் துளையில் நுழையும் ஒளியை 11ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்த இப்னு அல்-ஹைதமைப் பற்றிப் பெருமை பேசும் நமக்கு, இந்த இரண்டு செக்கன் பொறுமை இல்லை!

ஆனால் இதற்கு மண்டபம் வெறுமையாக இருக்க வேண்டும். நமக்கு இதுவே முக்கியமான விடயம். பெண்கள் பகுதிச் சோடனைக்கும் உழைப்பு குறைவில்லை. வலீமா தொடங்கிய பின் அங்கே கமரா நுழைய முடியாது, நுழையவும் கூடாது. சிலரோ மணமகளும் உறவுப் பெண்களும் நிற்கும் படத்தையே விளம்பரத்துக்குப் போட்டுவிடுகிறார்கள். ஒரு குடும்பம் நம்பி ஒப்படைத்த அமானிதத்தை வியாபாரத்துக்கு விற்பதாகவே இதை நான் பார்க்கிறேன். வெற்று மண்டபப் படத்தில் வேலை மட்டுமே தெரியும். சோடனை செய்யும் சகோதரிகளும் முக்காலியில் கைத்தொலைபேசியை வைத்துத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம்.

அதற்கு அரைமணி நேரம் வேண்டும். மாப்பிள்ளை வாசலுக்கு வந்த பின்னும் ஏணியில் நின்று பூக்குத்தும் பழக்கம் போக வேண்டும். சோடனை எத்தனை மணிக்கு முடியும் என்பதை முற்பணம் வாங்கும்போதே எழுதிக் கொடுங்கள்.

1990இல் வெளியேற்றப்பட்டு 2009க்குப் பின் முல்லைத்தீவுக்குத் திரும்பிய குடும்பங்களில், வீட்டு முற்றத்தில் பந்தல் போடுவோருக்கும் ஒரு வார்த்தை. நீலத் தறப்பாளின் கீழ் வெள்ளைச் சோடனையும் நீலமாகத்தான் விழும். உள்ளே வெள்ளைத் துணி கட்டச் சொல்லுங்கள். சோடனைக்காரர் அதற்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்கலாம்.