பாட்டியையும் உள்ளே விடுங்கள்



அடைமழை மாதம். கைக்குழந்தை உள்ள வீடுகளில் இப்போது மூக்கடைப்பும் நெஞ்சுச்சளியும்தான் பேச்சு. நவம்பர் 17 குறைமாதக் குழந்தைகளுக்கான உலக தினமும்கூட. ஆகவே இம்மாதம் பச்சைக்குழந்தையின் மூச்சைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா?

1970களின் இறுதி. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் ஒரு பிரசவ மருத்துவமனை. இன்குபேட்டர் போதவில்லை, இருப்பதைப் பங்குபோட்டதில் கிருமித்தொற்றும் பரவியது. டாக்டர் எட்கார் ரேய் சனாப்ரியா, எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் நெஞ்சிலேயே வைத்துக் கட்டச் சொன்னார். வேறு வழியில்லாமல் பிறந்த வைத்தியம் அது. இன்று அதற்குப் பெயர் கங்காரு பராமரிப்பு. டெல்லி சப்தர்ஜங் உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. பிறந்த உடனேயே இதைத் தொடங்கியபோது, 1.8 கிலோவுக்கும் குறைவான குழந்தைகளின் இறப்பு நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

செய்முறை எளிது, ஆனால் நுணுக்கம் உண்டு. தொப்பியும் நாப்கினும் மட்டும் போட்டு, குழந்தையைத் தாயின் மார்புக்கு நடுவே நிமிர்த்தி வைக்க வேண்டும். கைகால் தவளைபோல் மடங்கியிருக்கும். தலை ஒருபக்கம் திரும்பி, முகவாய் சற்றே மேலே நிற்க வேண்டும். கழுத்து முன்னால் மடிந்தால் மூச்சுப்பாதை அடைபடும். அப்பாவும் இதைச் செய்யலாம், பாட்டியும் செய்யலாம்.

ஆனால் நம்மூரில் பல மருத்துவமனைகளில் குடும்பம் குழந்தைகள் வார்டு வாசலோடு நின்றுவிடுகிறது. குடும்பத்தாரைச் சிகிச்சையில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மத்திய சுகாதார அமைச்சகம் 2017-லேயே வழிகாட்டி வெளியிட்டது. வாசல் காவலாளிக்கு அதை யார் சொல்வது?

வீட்டுக்கு வந்த பிறகு கதை தலைகீழ். ராஜ்யம் முழுக்கப் பாட்டியுடையது. காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் போட்டு, எண்ணெய் நீவிக் குளிப்பாட்டுகிற அந்தக் கைகளுக்கு ஈடில்லை. ஆனால் மூக்கில் எண்ணெய் விடுவது வேண்டாம். எண்ணெய் இருமலைக்கூடத் தூண்டாமல் நழுவி நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாகலாம். வாயால் மூக்கை ஊதுவதும் வேண்டாம். சாம்பிராணிப் புகையும் வேண்டாம். பிறந்தபின்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் காற்றறைகள் வேகமாகப் பெருகுகிற நுரையீரல் அது. (அப்பாக்களின் சிகரெட்டுக்கும் இதே சட்டம்தான்.)

இதைச் சாக்காக வைத்துப் பாட்டியை ஒதுக்கிவிடாதீர்கள். மூச்செண்ணும் வேலையை அவரிடமே கொடுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது, வயிறு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். சின்னக் குழந்தையின் மூச்சு விட்டுவிட்டு ஓடும், அரை நிமிடக் கணக்கு ஏமாற்றிவிடும். இரண்டு மாதத்துக்குள் 60-ஐத் தொட்டாலோ, அதன்பின் ஒரு வயதுவரை 50-ஐத் தொட்டாலோ டாக்டரிடம் போக வேண்டும். மூச்சிழுக்கையில் விலா உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

குளிப்பாட்டும் பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், இந்தப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். "நாங்க புள்ள வளக்கலையா?" என்று சண்டைக்கு வந்தால் அதையும் எழுதி அனுப்புங்கள். டிசம்பர் இதழில் பாட்டிகளின் பதிலுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்