ஓடும் நீரும் உறைந்த மலையும்

நீர்மின் நிலையம் என்றவுடன் மலைகளை இணைத்து நிற்கும் பேரணைகளே நம் நினைவில் எழுகின்றன. ஆற்றைத் தேக்காமலேயே அதன் ஆற்றலைப் பெறும் எளிய முறையும் உண்டு. நீரின் ஒரு பகுதியைத் தாழ்ந்த தடுப்பால் வாய்க்காலுக்குத் திருப்பி, மணல் படியவிட்டு, பெருங்குழாய் வழியே சரிவில் இறக்கி, டர்பைனைச் சுழற்றியபின் மீண்டும் ஆற்றிலேயே சேர்த்துவிடுவர். நொடிக்கு 1000 லிட்டர் நீர் 100 மீட்டர் கீழே வீழ்ந்தால், இழப்புகள் போக ஏறத்தாழ 750 கிலோவாட் கிடைக்கும். உயரத்திற்குப் பஞ்சமில்லாத மலைநாடுகளுக்கு இது பெரும் வாய்ப்பன்றோ!

நேபாளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1911-இல் பர்பிங்கில் எழுந்தது. அதன் 500 கிலோவாட் மின்சாரம் ராணா ஆட்சியாளரின் அரண்மனைகளுக்கே ஒளியூட்டியது. எளிய குடிகளின் அடுப்பங்கரையை மின்சாரம் எட்டப் பல்லாண்டுகள் ஆயின. எவரெஸ்ட் சிகரத்தை நாடி வருவோர் தங்கும் நாம்சே ஊரில், அடுப்புக்கும் குளிர்காய்வதற்கும் காட்டுமரங்களே இரையாகிவந்தன. மரத்தைக் காக்கும் நோக்குடன் ஆஸ்திரிய நாட்டின் உதவியால் அங்கே சிறு மின்நிலையம் ஒன்று கட்டப்பட்டது.

பணி முடியும் தறுவாயில், 1985 ஆகஸ்ட் 4-ஆம் நாள், மேலேயிருந்த டிக் சோ என்னும் பனியாற்று ஏரியில் பெரும் பனிப்பாளம் சரிந்து வீழ்ந்தது. எழுந்த அலை, ஏரிக்குக் கரையாய் நின்ற கல்லும் மண்ணும் கலந்த மேட்டை உடைத்தது. மின்நிலையத்தோடு 14 பாலங்களும் வீடுகளும் விளைநிலங்களும் அழிந்தன. பின்னர் தாமே ஊரருகே வேறொரு நிலையம், ஏறத்தாழ 600 கிலோவாட் திறனுடன் 1990-களில் அமைக்கப்பட்டது.

சிறியது ஆதலின் இத்தகைய நிலையம் தீங்கற்றது என்பார் உளர். ஊர்களை மூழ்கடிப்பதில்லை என்ற அளவில் அது மெய்யே. நீரைச் சேமிக்க இடமில்லாமையால், குளிர்காலத்தில் ஓடை மெலியும்போது மின்சாரமும் மெலியும். அதையும் மக்கள் பொறுத்துக்கொள்வர். பொறுக்கவியலாதது வேறொன்று. திட்டம் வகுப்போர் நிலையத்தின் எல்லையைத் தடுப்பில் தொடங்கி டர்பைனில் முடித்துவிடுகின்றனர். தடுப்புக்கு மேலே உள்ள ஏரியும் பனியும் அவர்தம் மதிப்பீட்டில் இடம்பெறுவதில்லை. ஏரியை அளப்பதும், கரையை ஆராய்வதும், எச்சரிக்கைக் கருவி நாட்டுவதும் நிலையத்தின் செலவாகவே கொள்ளப்பட வேண்டும் என்பது என் துணிபு.

இது இயலாத செயலன்று. நேபாளத்திலேயே சோ ரோல்பா ஏரியின் மட்டம் 2000-த்திலும், இம்ஜா ஏரியின் மட்டம் 2016-லும் கால்வாய் வெட்டி ஏறத்தாழ 3 மீட்டர் வீதம் தாழ்த்தப்பட்டன. எனினும் பேரேரிகளை மட்டும் கண்காணித்தால் போதாது. 2024 ஆகஸ்ட் 16 அன்று, டென்சிங் நார்கே வளர்ந்த அதே தாமே ஊரின் பள்ளியையும் மருத்துவ நிலையத்தையும் பல வீடுகளையும் வாரிச் சென்ற வெள்ளம், எவரும் பெரிதாக அஞ்சாத சிற்றேரிகளிலிருந்து வந்ததே.