ஒற்றை மேற்கோள்குறியும் ஒரு கோட்டை விட்ட கதையும்

ஓ'பிரையன் என்பவர் ஒரு தளத்தில் பெயரைப் பதிகிறார். நடுவிலுள்ள ஒற்றை மேற்கோள்குறி எஸ்க்யூஎல் வரியைப் பாதியில் முடித்துவிடுகிறது, பிழைச்செய்தி வருகிறது. அவர் அப்பாவி. அதே ஓட்டையில் ஒரு விஷமி தன் கட்டளையை நுழைத்தால்? டேட்டாபேஸ் அதையும் சமர்த்தாக நிறைவேற்றும்!

இதற்கு பிஎச்பி வைத்திருந்த மருந்து 'மேஜிக் கோட்ஸ்'. வருவதற்கெல்லாம் தானாகவே பின்சாய்வுக்கோடு போடும். வேண்டாத இடத்திலும் போட்டு, பக்கமெங்கும் ஓ\'பிரையன் என்று பல்லிளித்தது. 2012-ல் வந்த பிஎச்பி 5.4-ல் அதைத் தூக்கிவிட்டார்கள்.

கையால் எஸ்கேப் செய்யலாம்தான். ஆனால் நூறு இடத்தில் ஒன்றை மறந்தால் போச்சு. மேற்கோள்குறியே இல்லாமல் எண்ணைச் சேர்க்கும் இடத்தில் எஸ்கேப் செய்தும் பயனில்லை.

சரியான வழி, கட்டளை வேறு தகவல் வேறு என்று பிரித்தே அனுப்பும் பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட். பிஎச்பியில் 2005 முதலே பிடிஓ மூலம் இது கிடைக்கிறது. அதற்குப் பத்தாண்டு கழித்து, 2015-ல், பிரிட்டனின் டாக்டாக் நிறுவனம் இதே ஓட்டையால் சுமார் 1,57,000 வாடிக்கையாளர்களின் விவரங்களைப் பறிகொடுத்தது. மறு ஆண்டு 4 லட்சம் பவுண்டு அபராதம்.

'காலேஜ் ப்ராஜெக்ட்தானே' என்று ஸ்ட்ரிங்கை ஒட்டிப் பழகும் கை, வேலைக்குப் போன பிறகும் அப்படியேதான் ஒட்டும். அங்கே இருப்பது அடுத்தவர் வீட்டு விவரம்.