உருகாத பனிக்கட்டி



திருமண வரவேற்புகளில் இப்போது வழக்கமாகிவிட்ட ஒரு காட்சியை நீங்களும் கண்டிருப்பீர்கள். மணமக்கள் மேடையை நோக்கி நடந்து வருகின்றனர். அவர்தம் காலடியில் வெண்புகை மேகம்போல் தவழ்கிறது. சிறுவர்கள் அதனுள் புகுந்து, கைகளால் அள்ள முயன்று, ஆரவாரம் செய்கின்றனர். “ஊதுபத்திப் புகை மேலே போகிறதே சாமி, இது மட்டும் ஏன் தரையிலேயே கிடக்கிறது?” என்று ஒரு சிறுமி என்னை வினவினாள். நல்ல வினா. அதற்கு விடை காண்பது நம் பிள்ளைகளின் உயிர்ப் பாதுகாப்புக்கும் பயன்படும்.

அப்புகைக்குக் காரணம் உலர் பனிக்கட்டி என்னும் பொருள். பெயரில் பனி இருப்பினும் அதில் நீர் இல்லை. நாம் மூச்சில் வெளிவிடும் கரியமில வாயுவே உறைந்து கட்டியாகி நிற்கிறது. சாதாரணப் பனிக்கட்டி சுழி டிகிரி செல்சியஸில் உருகி நீராகும். இதுவோ சுழிக்குக் கீழே 78.5 டிகிரியிலேயே, உருகாமல் நேராக வாயுவாகிவிடும். துணிப் பெட்டியில் இட்ட அந்துருண்டை நாளடைவில் தேய்ந்து மறைகிறது. ஆயினும் துணியில் ஈரம் காண்பதில்லை அல்லவா? அத்தகைய மாற்றத்தையே பதங்கமாதல் என்பர்.

இது ஏன் திரவமாவதில்லை? நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தம் அதற்குப் போதாது. அவ்வழுத்தத்தைப்போல் ஐந்து மடங்குக்குச் சற்று மேல் இருந்தாலன்றிக் கரியமில வாயு திரவமாக நிலைகொள்ளாது.

உலர் பனிக்கட்டியைச் செய்யும் முறையும் இவ்வியல்பையே பற்றி நிற்கிறது. வாயுவை மிகுந்த அழுத்தத்தில் திரவமாக்கி உருளைகளில் அடைக்கின்றனர். அத்திரவத்தைத் திடீரென வெளியே பீய்ச்சும்போது அழுத்தம் தளர்ந்து, ஒரு பகுதி நொடியில் ஆவியாகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தை எஞ்சிய பகுதியிலிருந்தே அது கவர்ந்துகொள்கிறது. மண்பானையில் கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் நீரைக் குளிர்விப்பது போன்றதே இதுவும். வெப்பமிழந்த பகுதி வெண்பனித் தூளாக உதிர, அதனை அழுத்திக் கட்டிகளாக்குகின்றனர். பிரெஞ்சு நாட்டவரான தீலோரியே என்பார் 1835-ஆம் ஆண்டில் இத்திடப்பொருளைப் பற்றி முதன்முதலில் எழுதினார்.

இதனால் விளையும் நன்மை பெரிது. குளிர்விக்கும், ஆனால் எதனையும் நனைக்காது. கொரோனாக் கொள்ளைநோய்க் காலத்தில், 2020-ஆம் ஆண்டின் இறுதியில், சுழிக்குக் கீழே சுமார் 70 டிகிரியில் காக்கப்படவேண்டிய தடுப்பூசி மருந்து, உலர் பனிக்கட்டி நிரப்பிய பெட்டிகளிலேயே நாடுவிட்டு நாடு சென்றது.

இனிச் சிறுமியின் வினாவுக்கு வருவோம். மண்டபத்தில் இக்கட்டியை வெந்நீரில் இடுகின்றனர். அது விரைந்து வாயுவாகிறது. அவ்வாயுவுக்கு நிறமில்லை. அதன் கடுங்குளிர் பட்டு ஈரக்காற்று நுண்ணிய நீர்த்துளிகளாவதையே நாம் புகையாகக் காண்கிறோம். ஆக, கண்ணுக்குத் தெரிவது தீங்கற்ற நீர். தீங்கு செய்யவல்லதோ கண்ணுக்குத் தெரியாதது! கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. ஆதலால் தரையோடு தாழ்ந்து பரவுகிறது. தாழ்ந்த இடத்தில் விளையாடுவோர் நம் குழந்தைகளே. ஒரு கிலோ கட்டி 500 லிட்டருக்கு மேற்பட்ட வாயுவாக விரியும். சுவாசிக்கும் காற்றில் இவ்வாயு நூற்றுக்குப் பத்துப் பங்கை எட்டினால் சில நிமிடங்களில் நினைவு தவறும்.

2020 பிப்ரவரியில் மாஸ்கோவில் ஒரு பிறந்தநாள் விழாவின்போது, புகைக்காட்சி வேண்டி மூடிய அறையிலிருந்த நீச்சற்குளத்தில் உலர் பனிக்கட்டியைக் கொட்டினர். மூவர் உயிரிழந்தனர். 2024 மார்ச்சில் குருகிராமில் உள்ள ஓர் உணவகத்தில், வாய்மணம் தரும் பொருளென்று இதனைத் தவறாகக் கொடுக்க, உண்டோர் வாய் புண்பட்டு இரத்தம் கக்கினர். இரு நிகழ்ச்சிகளிலும் தீய எண்ணம் எவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. அறியாமையே கேட்டினை விளைத்தது.

ஆகவே பெற்றோர் சிலவற்றை நினைவில் கொள்ளவேண்டும். இக்கட்டியை வெறுங்கையால் தொடலாகாது. தீப்புண் போன்ற புண் உண்டாகும். வாயில் இடவே கூடாது. புட்டியில் இட்டு இறுக மூடினால், வெளியேற வழியின்றி வாயு பெருகிப் புட்டி வெடிக்கும். வீட்டுக் குளிர்பெட்டியின் உறைபனி அறையில் வைத்துக் காக்கலாம் என எண்ணவேண்டா. அங்கே சுழிக்குக் கீழே 18 டிகிரி. நமக்குக் கடுங்குளிராயினும் உலர் பனிக்கட்டிக்கு அது 60 டிகிரி மிகுந்த வெப்பமே! மூடிய காரிலும் எடுத்துச் செல்லலாகாது. எஞ்சிய கட்டியைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத திறந்த வெளியில் விட்டுவிட்டால் தானே மறைந்துவிடும்.

விழாவில் வெண்புகை வேண்டுமெனில், முதலில் மண்டபத்தின் கதவு சன்னல்களைத் திறந்து வையுங்கள். மணமக்கள் நடந்து வரும்வரை குழந்தைகளை உங்கள் அருகிலேயே அமர்த்திக்கொள்ளுங்கள். அழகைக் கண்டு மகிழ அதுவே போதும்.