தப்பின் நாதமும் இராமனின் விஞ்ஞானமும்

மாசியில் காமன் கூத்துக்கென ஹட்டன் தோட்டத்து லயத்து வாசலில் தப்பினை நெருப்பில் வாட்டிச் சுருதி கூட்டும் கலைஞன், ஈரம் வற்றி இறுகிய தோலில் நாதம் உயரும் என்னும் பௌதிக தத்துவத்தையே கையாளுகிறான் என்பதை நம் பாடசாலைகள் மாணாக்கருக்கு உணர்த்துகின்றனவா?

திருச்சிராப்பள்ளியில் பிறந்து, 1907 இல் கல்கத்தாவில் நிதித்துறை உத்தியோகம் ஏற்று, ஓய்வு வேளைகளை ஆய்வுகூடத்திலேயே கழித்த சர் சி. வி. இராமன், ஒளியாராய்ச்சிக்காக 1930 இல் நோபல் பரிசு பெறுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே, சாதாரணப் பறையில் ஒழுங்கற்றுச் சிதறும் மேற்சுரங்களை, மிருதங்கத்தின் வலந்தலையில் அப்பிய கரும்பூச்சு இசைவான வரிசையில் நிறுத்துகிறதென்று விளக்கினார்.

சுதேச வாத்தியத்தை ஆராய்ச்சிக்குரிய பொருளாக மதித்த அந்தச் சிரத்தையை மலையகப் பாடசாலைகளும் மேற்கொள்ளல் வேண்டும். அன்று பெரட்டுக்கு ஆளழைத்த தப்பு, இனி நம் பிள்ளைகளைப் பௌதிகத்திற்கும் அழைக்கட்டும்.