முதலில் படிக்க விடுங்கள் ஐயா!

இணையத்தில் ஒரு செய்தியைத் திறந்தால், செய்திக்கு முன்னால் கேள்வி வந்து நிற்கிறது. 'உடனுக்குடன் செய்திகளைப் பெற அறிவிப்புகளை அனுமதிக்கவும்.' கீழே 'அனுமதி', 'பின்னர்' என்று இரண்டு பொத்தான்கள். அட, இன்னும் ஒரு வரிகூடப் படிக்கவில்லையே! இந்தத் தளம் உருப்படியான செய்தி தருமா, ஊர்வம்பு அளக்குமா என்பதே இனிமேல்தான் தெரியவேண்டும். அதற்குள் என்ன அவசரம்? பந்தியில் இலை விழுமுன் மொய்க்கவரைக் கேட்கிற கல்யாண வீட்டை நான் எங்கும் பார்த்ததில்லை. இணையத்தில் தினமும் பார்க்கிறேன்.

அடைமழைக் காலத்தில் ராத்திரி உட்கார்ந்து, 'நாளை எந்தெந்த மாவட்டங்களில் பள்ளிகளுக்கு விடுமுறை' என்று தேடிப் பாருங்கள், நான் சொல்வது புரியும். முதலில் அந்த அனுமதிப் பெட்டி. 'பின்னர்' என்று தட்டினால், 'எங்கள் ஆப்பை இறக்குங்கள்' என்று கீழிருந்து ஒன்று முளைக்கும். அதை மூடினால் மூலையில் ஒரு வீடியோ தன்பாட்டுக்கு ஓட ஆரம்பிக்கும். அதை மூடுகிற பெருக்கல் குறியோ கடுகளவு. கட்டைவிரல் பட்டால் திறப்பது விளம்பரம். எல்லாவற்றையும் தாண்டிப் போனால் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி எப்படி உருவானது என்பதிலிருந்து கதை தொடங்கும். மாவட்டங்களின் பெயர் கடைசிப் பத்தியில். பக்கத்தில் பிள்ளை, புத்தகப் பையை மூடலாமா வேண்டாமா என்று தெரியாமல், "லீவாப்பா, இல்லையாப்பா?" என்று பிடுங்குகிறது. விரலால் தள்ளிக்கொண்டே போகிறோம். பாதி வழியில் அதே பெட்டி மறுபடியும் எட்டிப் பார்க்கிறது. 'பின்னர்' என்று சொன்னோமே, அந்தப் 'பின்னர்' அதற்குள் வந்துவிட்டதாம்!

ஏன் 'பின்னர்'? 'வேண்டாம்' என்று ஒரு பொத்தான் வைத்தால் என்ன? இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அனுமதி கேட்கிற அசல் பெட்டி பிரவுசருடையது. அதில் நாம் 'தடு' என்று அழுத்திவிட்டால், நாமாக செட்டிங்ஸுக்குப் போய் மாற்றும்வரை அந்தத் தளம் வாயைத் திறக்க முடியாது. அதனால் தளக்காரர்கள் முதலில் தங்கள் சொந்தப் பெட்டி ஒன்றைக் காட்டி ஆழம் பார்க்கிறார்கள். அதில் 'அனுமதி' என்றால்தான் அசல் பெட்டி வரும். 'பின்னர்' என்றால் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நாளைக்கும் கேட்கலாம், நாளன்றைக்கும் கேட்கலாம். நாம் 'வேண்டாம்' என்று சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படிச் சொல்லவே அங்கே வழி வைக்கவில்லை.

தொல்லை தாங்காமல் ஒருநாள் 'அனுமதி' கொடுத்தவர் கதி என்ன? சர்வீஸ் வொர்க்கர் என்று ஒரு சின்ன நிரல் அவருடைய பிரவுசரில் தங்கிவிடும். தளத்தை மூடினாலும் அது போகாது. தளம் அனுப்புகிற செய்தி குரோம் என்றால் கூகுளின் சர்வர் வழியாக, ஃபயர்ஃபாக்ஸ் என்றால் மோஸில்லாவின் சர்வர் வழியாக வந்து அந்த நிரலைத் தட்டி எழுப்பும். போன் டிங் என்னும்.

டிங். 'தங்கம் விலையில் திடீர் திருப்பம்! நகைப்பிரியர்கள் அதிர்ச்சி.' ஏறியதா, இறங்கியதா? சொல்லமாட்டார்கள். டிங். 'இந்த மூன்று ராசிக்காரர்களுக்கு இனி ராஜயோகம்தான்.' எந்த மூன்று? உள்ளே வா, சொல்கிறேன். டிங். 'பிரபல நடிகர் எடுத்த அதிரடி முடிவு.' உள்ளே போனால், அவர் தாடியை எடுத்துவிட்டாராம்.

ஒரு கிராம் தங்கம் இன்ன விலை என்பது ஒரு வரிச் சமாச்சாரம். அந்த அறிவிப்பிலேயே தாராளமாக அடங்கும். அதைப் போட்டுவிட்டால் படிப்பவர் பார்த்துவிட்டுத் தன் வேலையைக் கவனிக்கப் போய்விடுவாரே, கிளிக் எங்கிருந்து வரும்? தகவலைக் கொண்டுவந்து சேர்க்கத்தான் இந்த வசதியே. அதை வைத்துக்கொண்டு தகவலை மறைப்பதற்கென்றே வார்த்தை தேடுகிறார்கள்.

இதாவது பரவாயில்லை, எரிச்சலோடு போயிற்று. எங்கள் பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் முகம் வெளிறிப்போய் வந்தார். "தம்பி, போன்ல வைரஸ் பூந்துடுச்சாம்ப்பா. உடனே சரி பண்ணலைன்னா எல்லாம் அழிஞ்சுடும்னு அதுவே சொல்லுதுப்பா." வாங்கிப் பார்த்தால் வரிசையாக அபாயக்குறி போட்ட அறிவிப்புகள். போன் கம்பெனிக்காரனே எச்சரிப்பதுபோல மஞ்சள் முக்கோணம் வேறு. உண்மையில் வைரஸும் இல்லை, ஒன்றும் இல்லை. ஏதோ ஒரு தளத்தில் பஞ்சாங்கம் பார்க்கப் போயிருக்கிறார். 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அனுமதி என்பதை அழுத்தவும்' என்று அங்கே கேட்டிருக்கிறது. "நான் ரோபோ இல்லையேப்பா, அதான் அழுத்தினேன்" என்கிறார். பதில் பேச முடியுமா? குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று இறங்கிப் போய், பெயரே வாயில் நுழையாத தளங்களை ஒவ்வொன்றாகத் தடுத்துவிட்டு வந்தேன். கொடுக்க ஒரு தட்டு போதும். திரும்ப வாங்கப் படிப்படியாக இறங்கவேண்டும். நேர்மையான தளங்களும் வரும்போதே 'அனுமதி, அனுமதி' என்று கேட்டு ஜனங்களின் கையைப் பழக்கிவைத்ததால்தானே மோசடிக்காரனுக்கு வேலை சுலபமாயிற்று?

தளம் நடத்துகிறவர்களிடம் கேட்டால் அவர்களுக்கும் ஒரு பாட்டு இருக்கிறது. தேடுபொறி தன் விதியை மாற்றினால் கூட்டம் குறைகிறது. ஃபேஸ்புக் மனசு மாறினால் மிச்சமும் போகிறது. யார் தயவும் இல்லாமல் வாசகரை நேராகக் கூப்பிட இந்த ஒரு வழிதான் உண்டு என்கிறார்கள். நியாயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால், நேராகக் கூப்பிடக் கிடைத்த வழியில் நீங்கள் என்ன கூவினீர்கள் என்பதல்லவா கேள்வி? மாதாந்திர மீட்டிங்கில் 'புஷ் சப்ஸ்கிரைபர்' எண்ணிக்கை ஏறிவிட்டது என்று காட்டினால் எல்லோருக்கும் சந்தோஷம். ஒரே ஆள் போனில் ஒரு முறை, ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு முறை 'அனுமதி' கொடுத்திருந்தால் அந்தக் கணக்கில் இரண்டு பேர். அறிவிப்பைப் பார்க்காமலே ஒதுக்கித் தள்ளுகிறவரும் அதில் ஒரு தலை. இதற்குப் பெயர் வாசகர் கூட்டமா?

குரோமில் இந்த வசதி வந்தது 2015இல். அடுத்த வருடம் ஃபயர்ஃபாக்ஸிலும் வந்தது. நான்கைந்து வருடத்துக்குள் இதன் பெயரை எப்படிக் கெடுத்துவைத்தார்கள் என்பதற்கு மோஸில்லா 2019இல் வெளியிட்ட கணக்கே சாட்சி. ஃபயர்ஃபாக்ஸில் ஒரே மாதத்தில் 145 கோடி முறை இப்படி அனுமதி கேட்கப்பட்டிருக்கிறது. கிடைத்தது 2.4 கோடிக்கும் குறைவு. ஒரு முறை சம்மதம் என்றால் அறுபது முறை மறுப்பு, அல்லது கண்டுகொள்ளாமை. வேறு எந்த வியாபாரத்திலாவது இத்தனை பேர் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகும் அதே கேள்வியை அதே மாதிரி கேட்டுக்கொண்டிருப்பார்களா?

கடைசியில் பிரவுசர்காரர்களே பொறுமை இழந்தார்கள். 2020 ஜனவரியில் ஃபயர்ஃபாக்ஸ், பயனர் எதையாவது தொட்டாலொழிய இந்தப் பெட்டி தானாகத் திறக்காது என்று கட்டிப்போட்டது. அடுத்த மாதம் வந்த குரோம் பதிப்பு, இத்தகைய வேண்டுகோள்களைச் சத்தமில்லாமல் ஓரத்தில் ஒதுக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஐபோனிலோ 2023 வரைக்கும் இணையத்தள அறிவிப்புகளுக்கு இடமே இல்லை. இப்போதும் தளத்தை முகப்புத் திரையில் சேர்த்துவைத்தால்தான் உண்டு.

நல்லது என்று கைதட்டிவிட்டுப் போய்விடலாம். எனக்கு ஆதங்கமே அங்கேதான். இது உபயோகமில்லாத வசதியா என்ன? செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் திறக்கிறார்கள் என்றால் அடையாற்றுக் கரையில் இருப்பவருக்கு அந்த நிமிடமே தெரியவேண்டும். டிஎன்பிஎஸ்சி ஹால் டிக்கெட் வந்துவிட்டது என்றால் ராப்பகலாகப் படிக்கிற பிள்ளைக்குத் தெரியவேண்டும். ஆப் செய்யப் பணமில்லாத, ஒற்றை ஆளாக வேலைவாய்ப்புத் தளம் நடத்துகிற ஒருவருக்கு, தன் வாசகரை எட்ட இதைவிட மலிவான வழி கிடையாது. அவர் வாரத்துக்கு ஓர் அறிவிப்புதான் அனுப்புவார், அதுவும் உருப்படியாக. ஆனால் அவர் தளத்திலும் அந்தப் பெட்டி வந்தால் நம் விரல் யோசிக்காமல் 'தடு' என்றுதான் போகிறது. ராசிபலனையும் தாடியையும் வைத்து மணியடித்தவர்கள் செய்த பாவத்துக்கு, தண்டனை அனுபவிப்பது இவர்.

கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. படித்து முடித்தபின் கேளுங்கள். எதற்காக என்று சொல்லிக் கேளுங்கள்: மழை விடுமுறை மட்டும், தேர்வு முடிவு மட்டும், தங்கம் விலை மட்டும் என்று வகை பிரித்துக் கொடுங்கள், வேண்டியதை நாங்களே எடுத்துக்கொள்கிறோம். 'வேண்டாம்' என்று ஒரு பொத்தான் வையுங்கள். அதை அழுத்தினால் நம்புங்கள். விலையை அறிவிப்பிலேயே போடுங்கள். மாவட்டங்களின் பெயரை முதல் வரியில் போடுங்கள். போன மழைக்குச் சரியாகச் சொன்ன தளத்தை அடுத்த மழைக்கு நாங்களே தேடிக்கொண்டு வருவோம். அப்படியும் யாரும் வரவில்லையா? கோளாறு உள்ளே இருக்கிற சரக்கில். அதை எத்தனை டிங் அடித்தாலும் சரிசெய்ய முடியாது.