வட்டிக் கடனில் ஏமாற்றப்பட்டவருக்கும் உரிமை உண்டு

பிரிட்டனில் வாழும் நம் சகோதரர்கள் இன்றும் ஒரு வினாவை எழுப்புகின்றனர். "வட்டிக்குக் கடன் வாங்கியதே பாவம். அந்தக் கடனோடு தலையில் கட்டப்பட்ட காப்பீட்டின் பணத்தைத் திரும்பக் கேட்பது மார்க்கத்தில் கூடுமா?"

கூடும் என்பதே என் கருத்து. வட்டியில் ஈடுபட்டதற்கு அல்லாஹ்விடம் தவ்பா செய்ய வேண்டும். ஆனால், வங்கியின் மோசடிக்கு இணங்கிப் போவது அந்தத் தவ்பாவின் நிபந்தனை அன்று. வெட்கத்தால் வாய்மூடி இருப்பதைப் பேணுதல் என்று எண்ணிவிடுகிறோம்.

நோயோ வேலையிழப்போ நேர்ந்தால் தவணையைச் செலுத்தும் என்று கூறி விற்கப்பட்டது 'பிபிஐ' எனும் காப்பீடு. சொந்தத் தொழில் செய்வோர், ஏற்கெனவே நோயுற்றோர் எனப் பலருக்கு அதனால் பயன் கிடைக்க வழியே இருக்கவில்லை. அது கட்டாயம் என்று நம்பவைக்கப்பட்டோரும் உண்டு. பல கடன்களில் பிரீமியம் முழுவதையும் அசலோடு சேர்த்து, அதற்கும் வட்டி வாங்கினர். 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிளெவின் வழக்கில், பிரீமியத்தின் 71.8 விழுக்காடு தரகாகவே போயிருந்தது. கடன் வாங்கியவருக்கு அது தெரிவிக்கப்படவில்லை. அளவையில் மோசடி செய்வோரின் பெயரால் ஓர் அத்தியாயத்தையே ஓதிவரும் சமுதாயம் இதை அற்பமாகக் கருதலாமா?

திரும்பி வரும் தொகை முழுவதும் ஒரே தன்மையுடையது அன்று. செலுத்திய பிரீமியமும், அதன்மீது நம்மிடம் வாங்கப்பட்ட வட்டியும் நம் கையிலிருந்து போனவை. அவை நம் ஹக்கு. இவற்றுக்கு மேல் ஆண்டுக்கு 8 விழுக்காடு தனிவட்டி சேர்த்துத் தந்துவந்தனர். இதை இழப்பீடாகக் கருதலாம் என்போர் உண்டு. என் மனம் அதை ஏற்கவில்லை. அப்பகுதியைப் பிரித்து, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவதே பாதுகாப்பானது. வங்கியின் கடிதத்தில் அது பெரும்பாலும் தனியாகவே குறிக்கப்பட்டிருக்கும்.

முறையீட்டுக்கான காலக்கெடு 29 ஆகஸ்ட் 2019 அன்றே முடிந்துவிட்டது. அதன்பின் மிக விதிவிலக்கான காரணம் இருந்தாலன்றி நிதிக் குறைதீர்ப்பாளர் ஏற்கமாட்டார். மறைக்கப்பட்ட தரகு குறித்து நீதிமன்றம் செல்ல, கடன் உறவு முடிந்த நாளிலிருந்து 6 ஆண்டுகள் வரை இடமுண்டு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே 2005இல் அடைத்து முடித்த கடனுக்கு இன்று வாசல் திறக்காது. திறக்கும் என்று கூறி முன்பணம் கேட்கும் முகவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மறைந்த தந்தையின் கடனுக்காக முன்பே தொகை பெற்ற குடும்பங்கள் உண்டு. அது மூத்த மகனின் கணக்கிலேயே தங்கியிருந்தால், தந்தையின் கடன்களைத் தீர்த்தபின் எஞ்சியதைப் பாகப்பிரிவினைக்குக் கொண்டுவர வேண்டும். அதில் தாய்க்கும் சகோதரிகளுக்கும் பங்கு உண்டு.